சேனை தொட்ட விரல்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். சிங்காநல்லூரில் அம்மி பறந்ததைக் கண்டவர் யாரும் இல்லை. ஆனால் பிரவின்குமார் வீட்டுக் கொடியில் கிடந்த குழந்தைத் துணிகள் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசாவின் தண்ணீர்த் தொட்டியில் விழுவது அந்த வாரம் முழுக்க நடந்தது. இத்தனை காற்று அடிக்கிறதே, துணியாவது காயுமா என்றால் அதுவும் இல்லை. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று வெறுங்கையோடு வராது, ஒரு சாரலையும் கூட்டிக்கொண்டுதான் வரும். விடிந்ததும் அலசிப் போட்டதை மத்தியானம் தொட்டாலும் சில்லென்றிருக்கும். அதனால் வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே இன்னொரு கொடி கட்டியிருந்தான். முன்னறைக்குள் வருகிறவர்கள் ஈரத் துணிக்குக் குனிந்துதான் வரவேண்டும்.

குளத்துக்குப் போகிற சாலையில் ஒட்டினாற்போல் நிற்கும் லைன் வீடுகளில் நடு வீடு அது. பிரவினுக்கு வேலை பக்கத்துப் பட்டறையில், மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைகிற சி.என்.சி. மெஷினில். அங்கே அவனுக்குப் பொறுமைசாலி என்று பேர். மயிரிழை அளவு வித்தியாசம் வந்தாலும் மெஷினை நிறுத்துவான், டூலைக் கழற்றுவான், மறுபடி மாட்டுவான், முகம் சுளிக்க மாட்டான். "நீயெல்லாம் கோயில்ல பூசாரியா இருக்க வேண்டியவன்யா" என்று சூப்பர்வைசர் முஸ்தபா கேலி செய்வார். அப்படிப் பேர் வாங்கியவனுக்குத்தான் இப்போது நாலு மாதக் குழந்தையோடு தனியாக இருக்கப் பயமாக இருந்தது. பயத்தை வெளியே சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

பொற்கொடி கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டே பேசினாள். பஸ்ஸில் கொஞ்ச தூரத்தில் இருக்கும் ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. பிரசவத்துக்குக் கொடுத்த விடுப்பு தீர்ந்து இந்த வாரம்தான் மறுபடி போகத் தொடங்கியிருந்தாள். அவள் காலையில் போய் மத்தியானம் வருவாள். அவள் வந்ததும் அவன் இரண்டாம் ஷிப்ட்டுக்குக் கிளம்புவான். ஏற்பாடு அப்படி.

"ஏனுங்க மாமா, நாஞ் சொல்றது காதுல உழுவுதுங்களா?"

"உழுவுது, சொல்லு."

"பால் பிரிட்ஜ்ல டப்பால இருக்குது. அடுப்புல நேரா வெச்சுப்போடாதீங்க. குண்டால சுடுதண்ணி ஊத்தி, அதுக்குள்ள டப்பாவ வெய்யுங்க. கை மேல ஒரு சொட்டு உட்டுப் பாத்துப்போட்டுக் குடுங்க."

"நேத்தும் இதயேதான் சொன்ன."

"நேத்துப் பாதியக் கீழ ஊத்துனது ஆருங்க? நானுங்களா?"

"அது தலையத் திருப்புச்சு."

"திருப்பத்தான் செய்யும். பாலாடைச் சங்குல குடிச்சுப் பழக்கமில்லீங்கல்ல. மடில போட்டு, தலைய இப்புடிச் சித்த தூக்கிப் புடிச்சு, ஒதட்டோரத்துல பாலாடைய வெச்சீங்கன்னா அதா உறிஞ்சிக்கும். ஊத்தோணும்னு அவசரப்படக் கூடாது." சீப்பை வைத்துவிட்டுச் சிரித்தாள். "பொறுமைக்கு உங்ககிட்டப் பஞ்சமா? நாஞ் சொல்லித்தாரேன் பாருங்க."

அவன் சிரிக்கவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் லீவு போட முடியாதா?"

"வெளையாடறீங்களா? இப்பத்தான் போயிருக்கறேன். எதுக்கு, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பொறவென்ன. அம்மா மட்டும் அங்க இடுப்புல அடிபட்டுப் படுக்காம இருந்திருந்தா நா ஏனுங்க உங்களத் தொந்தரவு பண்றேன். அத்தையக் கூப்புடலாம்தான். அத்தை வந்தா மாமனாரும் கூட வந்துருவாரு." அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் இழுக்கவில்லை. "அரிசிம்பருப்பு ஆக்கி வெச்சிருக்கறேன். நெய் ஊத்தித் தின்னுங்க. நா போயிட்டு வாரேனுங்க."

தொட்டிலை விலக்கித் தூங்குகிற குழந்தையைப் பார்த்துவிட்டு, துணிக்குக் குனிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். தெருமுனை திரும்புகிற வரை அவன் வாசலில் நின்றான். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. நேற்றுக் குழந்தை நிற்காமல் அழுதபோது தொட்டிலை ஓங்கி ஒரு தள்ளுத் தள்ளினான். ஆட்டுகிற தள்ளு இல்லை அது. தொட்டில் எகிறிப்போய்ச் சுவருக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்று திரும்பியது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தள்ளிய கையில், தள்ளியபோது, ஒரு சந்தோஷம் இருந்தது. அதுதான் ராத்திரி முழுக்க அவனைத் தூங்கவிடவில்லை.

அந்தச் சந்தோஷத்தை அவன் முன்னாலேயே ஒரு முகத்தில் பார்த்திருக்கிறான். அவன் அப்பா நஞ்சப்பன் பவானிப் பக்கம் மஞ்சள் காட்டில் கூலி வேலை செய்தவர். ஊரில் யாரிடமும் வாய் திறக்காத மனிதர், பண்ணையத்தில் நல்ல வேலைக்காரர் என்று பேர். வீட்டுக்குள் வந்தால் அந்த வாயும் கையும் வேறு. சோறு குழைந்திருந்தால் அம்மா ராசம்மாளுக்கு அடி, குழையாவிட்டாலும் அடி. மகன் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்தால் ஒரு அடி, நேரம் கழித்து வந்தால் ரெண்டு. இப்போது வயசாகிவிட்டது, கை ஓய்ந்துவிட்டது. ஓய்ந்த கையை ஊர் மறந்துவிடும், வாங்கின முதுகு மறக்காது.

ஊர் வழக்கம் ஒன்று உண்டு. பிள்ளை பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு அதன் நாக்கில் வைப்பார்கள். சேனை தொடுவது என்று சொல்வது. முதல் முதலாக யார் தொடுகிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வந்துவிடும் என்று நம்பிக்கை. அதனால் குடும்பத்தில் நல்ல குணமுள்ளவராகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். வளர்ந்த பிறகு பிள்ளை அடம்பிடித்தால், "உனக்கு எவடா சேனை தொட்டது" என்று திட்டு பிள்ளைக்கு, குத்தல் தொட்டவருக்கு. இந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் நர்சம்மா பார்த்தால் சத்தம் போடுவார். அதனால் என்ன, நர்சம்மா அந்தப் பக்கம் திரும்பாமலா இருக்கப் போகிறார்?

தன் அம்மா ஊரான அந்தியூரில் பிரசவம் ஆவதற்கு முன்பே பொற்கொடி அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சேனைய வேற ஆரு வேணாலும் தொடட்டுமுங்க மாமா. உங்கப்பா மட்டும் வேண்டாம்." அவள் சின்னம்மா தொடுவதாகப் பேசி வைத்திருந்தார்கள். சத்தம் போட்டுப் பேசி அறியாத மனுஷி.

குழந்தையைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு நர்ஸ் உள்ளே போன நேரத்தில், சின்னம்மா கீழே காபி வாங்கப் போயிருந்தாள். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நஞ்சப்பன் வந்து நின்றார். பக்கத்தில் ஸ்டூல் மேல் தம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் தயாராக இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. விரலை வேட்டியில் துடைத்தார், தம்ளரில் நனைத்தார், குழந்தையின் வாயோரம் வைத்தார். விரல் நடுங்கியது. குழந்தை சப்பியது. நஞ்சப்பன் சிரித்தார். அப்பா சிரித்து பிரவின் பார்த்தது அன்றைக்குத்தான். "வேண்டாங்கப்பா" என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது, அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உள்ளேயே நின்றுவிட்டது. அப்புறம் சின்னம்மா வந்து எல்லோர் முன்னாலும் தொட்டாள். பொற்கொடிக்கு அதுதான் தெரியும்.

அதை அவன் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்தது உள்ளே புளித்துப்போய்க் கிடந்தது. குழந்தை அழும்போது முகம் கன்றிச் சிவக்கும், புருவம் நெறியும், முஷ்டி இறுகும். எல்லாக் குழந்தையும் அப்படித்தான் அழும். அவனுக்கு மட்டும் அதில் நஞ்சப்பன் தெரிந்தார். அக்ஷிதா என்று ஆசையாகத் தேடிப் பேர் வைத்த தன் பெண்ணின் முகத்தில் தன் அப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த மனுஷன்தான் தாலாட்டுப் பாடுவான்?

அவன் துணிகளைத் துவைத்தான். குளிப்பாட்டும் துண்டை அடுப்பு வெக்கையில் காட்டினான். அரிசிம்பருப்பைத் தட்டில் போட்டு நெய் ஊற்றி உட்கார்ந்தபோது தொட்டில் அசைந்தது.

முதலில் ஒரு சிணுங்கல். தட்டை வைத்துவிட்டு ஓடினான். "என்ன கண்ணு, எந்திரிச்சிட்டியா, அப்பன் இருக்கறேன்ல" என்று தூக்கினான். நனைந்திருந்தது. மாற்றினான். மாற்றும்போதே அழுகை ஏறிவிட்டது. ஒரு கையில் குழந்தையைப் போட்டுக்கொண்டு மறு கையால் தண்ணீர் காய்ச்சி, குண்டாவில் ஊற்றி, பால் டப்பாவை அதற்குள் வைத்தான். பசிக்கு டப்பாவின் அவசரம் தெரியாதே. பால் வெதுவெதுப்பாவதற்குள் வீடு முழுக்க அழுகை.

"ஏம்ப்பா தம்பி, புள்ளைக்கு என்னாச்சு?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஹபீபுன்னிசா. தையல் மெஷின் ஓட்டம் நின்று குரல் மட்டும் வந்தது. "வேணும்னா கொண்டா, நான் வெச்சிக்கறேன்."

"ஒண்ணுமில்லக்கா. பசி. பால் ஆவுது."

கொடுத்திருக்கலாம். ஆம்பிளைக்கு ஒரு பிள்ளையைப் பார்க்கத் தெரியவில்லை என்று நினைப்பார்களே என்ற வீம்பு. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மடியில் போட்டு, தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பாலாடையை உதட்டோரம் வைத்தான். சொன்னபடியேதான் செய்தான். குழந்தை ஒரு வாய் உறிஞ்சியது, அவனுக்கு உயிர் வந்தது. அடுத்த வாய்க்கு முகத்தைத் திருப்பியது. பால் கழுத்தில் வழிந்தது. துடைத்தான். மறுபடி வைத்தான், மறுபடி திருப்பியது. அது தேடுவது பாலாடையை இல்லை, பொற்கொடியை. எழுந்து நடந்தான், தட்டிக் கொடுத்தான், ஜன்னலில் காக்கா காட்டினான், மறுபடி உட்கார்ந்து பாலாடையை வைத்தான். வெளியே தகரக் கூரையைக் காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. ஈரத்துணி ஒன்று கொடியிலிருந்து அவன் தலைமேலேயே விழுந்தது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பான்.

"குடி பாப்பா. குடிச்சுரு. அப்பனுக்கு முடியல."

கன்றிச் சிவந்த முகம். நெறிந்த புருவம். இறுகின முஷ்டி வீசியதில் பாலாடை தெறித்துப் போனது, பின்னாலேயே டப்பாவும். விடியற்காலையில் கண்ணைக் கூடத் திறக்காமல் உட்கார்ந்து பொற்கொடி பீச்சி வைத்த பால், சிமெண்டுத் தரையில் ஓடிச் சோற்றுத் தட்டுக்கு அடியில் போய்த் தேங்கியது.

பின்கழுத்தில், பொடனியில் ஏறிய சூடு கைக்கு இறங்கியதை அவன் அறிந்தான். குழந்தையின் மேல்கையைப் பிடித்தான். பிடித்து அழுத்தினான். "கம்முனு இரு" என்று வந்த குரல் அவனுடையதாகவே இல்லை. குழந்தையின் வாய் திறந்தபடி நின்றது, சத்தம் வரவில்லை. மூச்சே வரவில்லை. முகம் நீலம் பாரித்தது. பிறகு ஒரு கேவலில் மூச்சு வந்து, அதுவரை அவன் கேட்டிராத ஒரு அழுகை வந்தது.

கையை எடுத்தான். பிஞ்சுக் கையில் அவன் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அவன் குழந்தையை மெல்லத் தொட்டிலில் படுக்க வைத்தான். அவ்வளவு மெதுவாக அவன் எதையும் எங்கேயும் வைத்ததில்லை. பின்புறக் கதவைத் திறந்து சாரலில் போய் நின்றான். உள்ளே அழுகை தேய்ந்து, விக்கலாகி, நின்றது.

"அழுவ நின்னு போச்சே தம்பி, தூங்கிருச்சா?" என்றாள் ஹபீபுன்னிசா.

"தூங்கிருச்சுக்கா."

"பாத்தியா, அப்பன் கை பட்டா அடங்கிருது. பொம்பளப் புள்ளைங்க அப்படித்தான்."

உள்ளே ஓடிப்போய்க் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு வந்துகொண்டிருந்தது. சொல்லக் கூசுகிற நினைப்பு ஒன்று அப்போது ஓடியது. இது நான் இல்லை, அந்த ஆள். சேனை வழியாக வந்தது. அவளுக்கு மட்டுமா, எனக்கும் அந்த ஆள்தான் தொட்டிருப்பார். அது உறுதியாகத் தெரிந்தால் போதும், பாதி பாரம் இறங்கிவிடும். அம்மாவுக்கு போன் போட்டான்.

"சொல்லு கண்ணு," என்றாள் ராசம்மாள். "பாப்பா என்ன பண்றா? சாப்பிட்டியா?"

"ம். அம்மா, எனக்கு ஆரு சேனை தொட்டது?"

"எதுக்குச் சாமி திடுதிப்புனு கேக்கற?"

"சும்மாதான். சொல்லு."

"உனக்கா? எங்கண்ணன். உம்பட பெரிய மாமன். உங்கப்பன் அன்னிக்கு ஊர்லயே இல்ல, அந்தியூர்ச் சந்தைக்கு மாடு ஓட்டிக்கிட்டுப் போயிருந்தாரு. எங்கண்ணன்தான் பொழுதோட வந்து தொட்டாரு. அவரு எப்பேர்ப்பட்ட மனுஷன். ஆடு மேய்க்கப் போனா ஆட்டக்கூட ஒரு சொல்லு வைய மாட்டாரு. அவரு குணம் உனக்கு வரோணும்னு நாந்தான் வேண்டி விரும்பித் தொடச் சொன்னேன். அதேமாரி வந்துருச்சே கண்ணு. நீ எறும்புக்குக்கூடத் துரோகம் நெனைக்க மாட்டியே."

போன் சூடாகக் காதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன கண்ணு, இருக்கறியா?"

"இருக்கறேன். அம்மா, அப்பா என்னைய அடிக்கறப்ப நீ எங்க இருப்ப?"

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. அங்கேயும் ஆடிதானே.

"எதுக்குக் கண்ணு இப்ப அதெல்லாம்?"

"நீ இருந்த மாரியே எனக்கு ஞாபகமில்ல. அதான்."

"கொடத்த எடுத்துக்கிட்டுக் கெணத்துக்குப் போயிருவேன்," என்றாள் ராசம்மாள். "பாத்தா மனசு தாங்காது. அடுப்புல சோறு கெடந்தாலும் போட்டுட்டுப் போயிருவேன். தண்ணி மொண்டுக்கிட்டு வாரப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும். உம் மொகத்தக் கழுவி உடுவேன். வேற என்ன சாமி நா பண்றது."

அடி வாங்கியவளிடம் போய்க் கணக்குக் கேட்பதா. "சரிம்மா, பாப்பா முழிச்சிருவா" என்று வைத்துவிட்டான். அப்பன் மேல் ஏற்றலாம் என்று தூக்கிப் பார்த்த பாரம் அவன் தலைமேலேயே இறங்கிவிட்டது. ஊரிலேயே சாதுவான மனுஷன் தொட்ட சேனை அவனுக்கு. அப்படியென்றால் இந்தக் கோபம் யாருடையது?

தரையைத் துடைத்தான். பால் காய்ந்த இடம் பிசுபிசுத்தது, மறுபடி துடைத்தான். துடைத்துவிட்டுத் தொட்டிலுக்குப் போய்க் கையைப் பார்த்தான். சிவப்பு இருந்தது. கொஞ்சம் கழித்துப் பார்த்தான், வெளிறியிருந்தது. அப்புறம் ஓரங்கள் போய்விட்டன. தேங்காயெண்ணெய் தடவினால் சீக்கிரம் போகுமா என்றுகூட யோசித்து எண்ணெய் பாட்டிலை எடுத்துவிட்டான். எடுத்த கையைப் பார்த்து அவனுக்கே அருவருத்தது. பாட்டிலைத் திரும்ப வைத்தான். குழந்தை ஒரு தரம் விழித்து, பிரிட்ஜில் மிச்சமிருந்து அவன் சூடுகாட்டிக் கொடுத்த கொஞ்சம் பாலை, பசி மிஞ்சியதாலோ என்னவோ, பேசாமல் குடித்துவிட்டுத் தூங்கியது. அவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தது. அந்தச் சிரிப்பை அவனால் பார்க்க முடியவில்லை.

பொற்கொடி வருவதற்குள் தடம் முழுக்க மறைந்துவிட்டது. எந்தக் கண்ணும் எந்த வெளிச்சத்திலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அவன் பேன்ட் மாற்றி ஷூ மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். பேசாமல் படியிறங்கினால் எல்லாம் முடிந்தது.

"அப்பாடா, பஸ்ல நிக்க எடமில்ல மாமா," என்று குனிந்து நுழைந்தாள் பொற்கொடி. கை கால் கழுவிக்கொண்டு வந்து தொட்டிலைப் பார்த்தாள். "தூங்கறாளா தங்கம். அழுதாளுங்களா? குடிச்சாளுங்களா? ஏனுங்க, சோறு வெச்சது வெச்சபடி இருக்குது?"

"பொற்கொடி, உக்காரு. ஒண்ணு சொல்லோணும்."

"ஷிப்ட்டுக்கு நேரமாச்சுங்களே. வந்து சொல்லுங்க."

"இல்ல. இப்பவே சொல்லோணும். பாப்பா கையப் புடிச்சு அமுக்கிப்போட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. "தூக்கறப்பங்களா?"

"கோவத்துல. தெரிஞ்சேதான் அமுக்குனேன். வெரலெல்லாம் பதிஞ்சிருச்சு. மூச்சு நின்னு வந்துச்சு."

பொற்கொடி எழுந்தாள். குழந்தையை வாரி எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சட்டையை அவிழ்த்தாள். ரத்தம் எடுக்கிற வேலையில் நரம்பு தேடிப் பழகிய கண். கை, தோள், முதுகு, தொடை எல்லாம் பார்த்தாள். கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணையும் காணமே."

"மறைஞ்சு போச்சு."

"மறைஞ்சு போனத எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க?" அவள் குரல் கிறீச்சிட்டது. "சொல்லாமயே போயிருக்கலாமுங்களே. நா பாட்டுக்கு நாளைக்கும் உட்டுட்டுப் போயிருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு மறையாத மாரி ஆயிருச்சுன்னா?"

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு சுவரோடு நின்றாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஈரத்துணிகள் தொங்கின. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அதையும் சொன்னான். ஆஸ்பத்திரி ஸ்டூல், சர்க்கரைத் தண்ணீர், நஞ்சப்பனின் விரல். "உங்க சின்னம்மா தொட்டதுக்கு முன்னாலயே அவரு தொட்டுட்டாரு. நா பாத்துட்டு நின்னேன்."

இதற்குத்தான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. "ஒண்ணே ஒண்ணுதானுங்க உங்ககிட்டக் கேட்டேன். அதையும் இத்தன நாளா மறைச்சு வெச்சிருந்திருக்கறீங்க. இப்ப என்ன, புள்ளைக்கு உங்கப்பா கோவம் வந்துருச்சு, அதனால அமுக்குனேங்கறீங்களா?"

"அப்புடித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அவ அழுதா எனக்கு அவரு மூஞ்சிதான் தெரிஞ்சுது. இன்னிக்கு அம்மாகிட்டக் கேட்டேன். எனக்குச் சேனை தொட்டது பெரிய மாமனாம். அவரு ஆட்டக்கூட வைய மாட்டாராம்." ஈரத்துணியை விலக்கி அவளைப் பார்த்தான். "கோவம் பாப்பாவோடது இல்ல பொற்கொடி. என்னுது."

"நாலு மாசப் புள்ளைக்கு ஏதுங்க கோவம். பசின்னா அழுவுது."

"தெரியுது. இப்பத் தெரியுது."

அவள் என்ன செய்வாள் என்று அவன் நின்றான். அந்தியூருக்குப் பஸ் ஏறுவாள். அவள் அண்ணனுக்குப் போன் போடுவாள். போட்டால் அவன் தடுக்கப் போவதில்லை. ஆனால் காலையில் யார் கையிலாவது கொடுத்துவிடலாம் என்று தவித்த அதே குழந்தையை இழந்துவிடுவோமோ என்று இப்போது தவித்தான்.

அவள் போன் எடுத்தாள். நாளைக்கு வர முடியாது என்று லேபுக்குச் சொன்னாள். காரணம் கேட்டிருப்பார்கள் போல. "ஊட்ல வேல இருக்குதுங்க" என்றாள். வைத்துவிட்டு அவன் காலைப் பார்த்தாள்.

"ஷூவக் கழட்டுங்க. இன்னிக்கு ஷிப்ட் வேண்டாம்."

கழற்றினான். அவள் குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். அம்மா மடியின் சூடு விட்டதும் அது விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. பொற்கொடி தூக்கவில்லை. எதிரே தரையில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகை கேட்டு அவள் ரவிக்கையில் பால் கசிந்து நனைந்தது. அப்போதும் அசையவில்லை.

"தூக்குங்க."

"வேண்டாம் பொற்கொடி. நீ தூக்கு."

"தூக்குங்கன்னேன். நா எங்கீயும் போவல. இங்கயேதான் உக்காந்து பாத்துட்டிருக்கறேன்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு தூக்கினான். குழந்தை முதுகை வளைத்துத் திமிறியது. தோளில் போட்டான். காதுக்குள்ளேயே அழுதது. துணிக்குக் குனிந்து கதவு வரை நடந்து திரும்பினான்.

"வருதுங்களா?" என்றாள்.

என்ன கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. வெட்கத்தில் முகம் எரிந்தது. "வருது."

"எங்க?"

"பொடனில."

"கைக்கு வந்தாச் சொல்லுங்க. நா வாங்கிக்கறேன். வாரப்பல்லாம் சொல்லோணும், மறைக்கக் கூடாது."

அவள் முகத்தில் மன்னிப்பு எதுவும் இல்லை. கண் முழுக்க அவன் விரல்கள் மேலேயே இருந்தது. இரவலாகக் கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அடுப்படியில் அவளுக்கு வேலை கிடந்தது, எழுந்து போகவில்லை. தன்னை இப்படி ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவன் பிறந்ததிலிருந்து இல்லை. அவனுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே நடந்தான். குழந்தையும் அழுதது, அது நிறுத்துவதாக இல்லை.

"இப்ப?"

"இருக்குது."

"இருக்கட்டும். நடங்க."